பிளகின் இன்ஸ்டால் செய்ததும் வரும் சர்வர் எரர்: பல வருஷ வேர்ட்பிரஸ் அனுபவம்

பல சைட்டுகள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஓடும் சின்னச் சின்ன வேர்ட்பிரஸ் சைட்டுகளைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு சிற்றிதழ், ஒரு தையல் பயிற்சி மையம், நாட்டு விதை விற்கும் ஒருவருடைய கடை, இந்த மாதிரி. வேர்ட்பிரஸ் மேல் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை, ஆனால் பிளகின், அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள், இன்ஸ்டால் செய்யும்போது வரும் சர்வர் எரர் மட்டும் ஆளை அலைக்கழித்துவிடும். நல்ல சைட் வைத்திருந்த பலர் இந்த இடத்தில்தான் வெறுத்துப்போய் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் இதில் பெரும்பாலானவை உட்கார்ந்து பார்த்தால் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

ஸ்கிரீனில் தெரிகிற மெசேஜை வைத்து எதையும் மாற்றாதீர்கள், முதலில் லாக்கை, அதாவது சர்வர் பிழைகளைக் குறித்து வைக்கும் பதிவை, பாருங்கள். 500 என்று வந்தால், சர்வருக்குள் ஏதோ நின்றுபோனது என்பதைத் தவிர அதில் ஒரு தகவலும் கிடையாது. அதைப் பார்த்ததும் கூகுளில் தேடி, கிடைத்த யோசனையை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தால் ஒரு பிழை இருந்த இடத்தில் மூன்று பிழை ஆகிவிடும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் எரர்ஸ் என்று ஒரு பகுதி உண்டு, அப்பாச்சி என்ற வெப் சர்வரின் கடைசிப் பிழைகள் அங்கே தெரியும். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் பிழைகள் பெரும்பாலும் சைட் இருக்கிற ஃபோல்டரிலேயே எரர்_லாக் என்ற ஃபைலில் சேர்ந்துகொண்டிருக்கும். இரண்டிலும் ஒன்றும் இல்லையென்றால் வேர்ட்பிரஸின் அடிப்படை செட்டிங்ஸ் இருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலில் டபிள்யூபி_டீபக், டபிள்யூபி_டீபக்_லாக் இரண்டையும் ட்ரூ ஆக்கி, டபிள்யூபி_டீபக்_டிஸ்ப்ளேவை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள். அடுத்த முறை பிழை வரும்போது டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள் டீபக்.லாக் என்று ஒரு ஃபைல் வந்து உட்கார்ந்திருக்கும். டிஸ்ப்ளேவை ஃபால்ஸ் ஆக்குவதை விட்டுவிடக் கூடாது, இல்லையென்றால் சர்வரின் ஃபோல்டர் பாதை எல்லாம் வருகிறவர் போகிறவர் கண்ணில் படும். வேலை முடிந்ததும் டீபக்கை அணைத்து லாக்கையும் அழித்துவிடுங்கள், பல சர்வர்களில் அதை யார் வேண்டுமானாலும் பிரவுசரில் திறந்து படிக்க முடியும்.

லாக் நீளமாக இருக்கும். நோட்டீஸ், வார்னிங், டெப்ரிகேட்டட் என்று பக்கம் பக்கமாக ஓடும், அதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். ஃபேட்டல் எரர் என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதில் மூன்று விஷயம் இருக்கும்: என்ன நடந்தது, எந்த ஃபைலில், எத்தனையாவது வரியில். ஃபைல் பாதையில் பிளகின்ஸ் என்ற ஃபோல்டருக்கு அடுத்து வரும் பெயர்தான் அநேகமாகப் பிரச்சினைக்குரிய பிளகின்.

மெமரி தீர்ந்துபோனால் மட்டும் இந்தக் கணக்கு பொய்க்கும். 134217728 பைட் தீர்ந்துவிட்டது என்று வரும், அதாவது 128 எம்பி. அந்த வரியில் மாட்டுகிற பிளகின், கடைசியாக மெமரி கேட்டபோது இல்லை என்று கைவிரிக்கப்பட்ட பிளகின், அவ்வளவுதான். மொத்தத்தையும் தின்று தீர்த்தது வேறொன்றாக இருக்கலாம். விதைக் கடை சைட்டில் ஒரு சின்ன படிவ பிளகின் இன்ஸ்டால் செய்ததும் இந்த வரி வந்தது. பெயர் படிவ பிளகினுடையது. ஆனால் அதை வைத்துக்கொண்டே, ஏற்கனவே இருந்த பக்கங்களை வடிவமைக்கும் ஒரு பெரிய பேஜ் பில்டர் பிளகினை நிறுத்திப் பார்த்ததும் எல்லாம் சரியாக ஓடியது. டபிள்யூபி_மெமரி_லிமிட்டை 256 எம்பி ஆக்கச் சொல்லி எல்லாரும் எழுதுவார்கள், செய்து பார்க்கலாம், ஆனால் ஹோஸ்டிங்காரர் பூட்டி வைத்திருக்கும் உச்சவரம்பை அந்த வரியால் தாண்ட முடியாது.

அடுத்தது ஜிப் ஃபைலை நேரடியாக ஏற்றும்போது வருவது. நீங்கள் தொடர்ந்த லிங்க் காலாவதியாகிவிட்டது என்று ஒரு மெசேஜ் வரும், எனக்குத் தெரிந்து வேர்ட்பிரஸில் இதைவிடத் திசைதிருப்பும் மெசேஜ் கிடையாது. லிங்க் ஒன்றும் காலாவதி ஆகியிருக்காது. பிஎச்பியில் போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் என்று ஒரு அளவு இருக்கிறது, ஜிப் அதைத் தாண்டினால் பிஎச்பி வந்த தகவல் மொத்தத்தையும் தூக்கி எறிந்துவிடும், அதோடு வேர்ட்பிரஸ் பாதுகாப்புக்காக அனுப்பும் நான்ஸ் என்ற டோக்கனும் போய்விடும், டோக்கன் இல்லாததால் லிங்க் பழசு என்று வேர்ட்பிரஸ் நினைத்துக்கொள்கிறது. அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் என்பது இன்னொரு அளவு, அதைத் தாண்டினால் மெசேஜ் ஓரளவு தெளிவாகவே வரும். பிஎச்பியோடு வரும் அளவு அப்லோடுக்கு 2 எம்பி, போஸ்டுக்கு 8 எம்பி. அப்பாச்சிக்குப் பதில் என்ஜின்எக்ஸ் சர்வராக இருந்தால் 413 என்று வரும், அதன் சொந்த வரம்பு 1 எம்பிதான், பிஎச்பியில் எவ்வளவு கூட்டினாலும் அங்கே தட்டிவிடும்.

இதைக் கூட்டத்தான் பலர் அப்பாச்சிக்கான செட்டிங்ஸ் எழுதும் எச்டிஆக்சஸ் ஃபைலில் பிஎச்பி_வேல்யூ என்று ஆரம்பிக்கும் வரியைப் போடுகிறார்கள். அப்பாச்சி சர்வரில், பிஎச்பி அதன் மாட்யூலாக ஓடினால்தான் அது வேலை செய்யும். இன்றைய ஹோஸ்டிங் பலவற்றில் ஓடுவது எஃப்பிஎம், அதாவது பிஎச்பியை அப்பாச்சிக்கு வெளியே தனியாக ஓட்டும் முறை, அங்கே இந்த ஒரு வரியே சைட் முழுக்க 500 கொடுத்துவிடும். அட்மின் பக்கமும் திறக்காது. அதற்குப் பதில் சிபேனலில் மல்டிபிஎச்பி ஐஎன்ஐ எடிட்டர் இருந்தால் அங்கே மாற்றலாம், அல்லது புள்ளியில் தொடங்கும் .யூசர்.ஐஎன்ஐ ஃபைலில் எழுதலாம். யூசர்.ஐஎன்ஐயில் மாற்றியது உடனே தெரியாது, 5 நிமிஷம் வரை பழைய அளவே காட்டும், கொஞ்சம் பொறுங்கள்.

சிற்றிதழ் சைட்டில் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், தமிழ் சைட் வைத்திருக்கிற யாருக்கும் இது வரலாம். தேடலை மேம்படுத்த ஒரு பிளகின் போட்டோம், ஆக்டிவேட் ஆனது, அட்மினில் எல்லாம் பச்சை. வாசகர் பக்கத்தில் ஏதாவது ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் வெள்ளைத் திரை. லாக்கில் எம்பி_ஸ்ட்ரிடுலோயர் என்ற ஃபங்ஷன் இல்லை என்று வந்தது. அது எம்பிஸ்ட்ரிங் என்ற பிஎச்பி எக்ஸ்டென்ஷனைச் சேர்ந்தது. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும், பைட்டை எண்ணி வெட்டாமல் எழுத்தை எழுத்தாகக் கையாள இந்த எக்ஸ்டென்ஷன் தேவை. அப்படியென்றால் இத்தனை நாள் சைட் எப்படி ஓடியது? எம்பி_சப்ஸ்ட்ரிங், எம்பி_ஸ்ட்ரிலென் இரண்டுக்கும் வேர்ட்பிரஸ் தானே ஒரு மாற்று எழுதி வைத்திருக்கிறது, அதனால் எக்ஸ்டென்ஷன் இல்லாதது வெளியே தெரியவே இல்லை. சில மாதம் முன்பு பிஎச்பி பதிப்பை மாற்றியபோது, புதிய பதிப்பின் எக்ஸ்டென்ஷன் பட்டியலில் எம்பிஸ்ட்ரிங்குக்கு டிக் இல்லாமல் இருந்திருக்கிறது. டிக் போட்டதும் தேடல் வந்துவிட்டது. பிளகின் மேல் ஒரு தப்பும் இல்லை. லாக் பார்க்காமல் இருந்திருந்தால் அதைத் தூக்கிவிட்டு வேறு நாலு பிளகின் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்போம்.

பிஎச்பி 8 வந்த பிறகு பழைய பிளகின்கள் விழுவது தனிக் கதை. கிரியேட்_ஃபங்ஷன் இல்லை என்று லாக்கில் கண்டால் யோசிக்கவே வேண்டாம், 8.0இல் அதை எடுத்துவிட்டார்கள், அந்த பிளகினை யாரும் பராமரிக்கவில்லை என்று அர்த்தம். பிஎச்பியை 7.4க்கு இறக்கினால் ஓடும்தான், ஆனால் 7.4க்குப் பாதுகாப்பு அப்டேட் 2022 நவம்பரோடு நின்றுவிட்டது. நான் இறக்குவதில்லை, பிளகினைத்தான் மாற்றுவேன்.

அட்மினுக்கே போக முடியவில்லையென்றால் ஃபைல் மேனேஜரில் அந்த பிளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள், பின்னால் ஒரு -பழசு சேர்த்தால் போதும். வேர்ட்பிரஸுக்கு ஃபைல் கிடைக்காததால் அதை லோட் செய்யாது, செட்டிங்ஸ் டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கும். பதற்றத்தில் பிளகின் பக்கத்தில் போய் டிலீட்டை அழுத்துவதுதான் ஆபத்து, சில பிளகின்கள் டிலீட் ஆகும்போது தங்கள் டேபிள்களையும் சேர்த்து அழித்துவிடும். அப்டேட் பாதியில் நின்று, பராமரிப்பு நடக்கிறது என்ற பக்கம் 503 கொடுத்துக்கொண்டிருந்தால் சைட்டின் மேல் ஃபோல்டரில் புள்ளி மெயின்டனன்ஸ் என்று ஒரு மறை ஃபைல் இருக்கும், அழித்துவிடலாம். ஃபைல் மேனேஜர் செட்டிங்ஸில் மறை ஃபைல்களைக் காட்டு என்பதை டிக் செய்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

நியாயமாகப் பாராட்டவும் வேண்டும். 2019இல் வந்த 5.2 பதிப்பின் ரெக்கவரி மோட் பெரிய உதவி. பிளகின் விழுந்தால் அட்மினுக்கு ஒரு மெயில் வரும், அதிலுள்ள லிங்க்கில் போனால் பழுதான பிளகின் மட்டும் உங்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். ஆனால் நான் பார்த்த சைட்டுகளில் அந்த மெயில் யாரோ எப்போதோ கொடுத்த, இப்போது திறக்காத முகவரிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஜெனரல் செட்டிங்ஸில் இன்றைக்கே சரிபாருங்கள். 2024இல் வந்த 6.6இலிருந்து ஆட்டோ அப்டேட் ஃபேட்டல் கொடுத்தால் பழைய பதிப்பைத் தானே திரும்ப வைத்துவிடுகிறது, இதுவும் அருமை. எச்டிஆக்சஸால் வரும் 500க்கு மட்டும் இவை எதுவும் உதவாது, அங்கே பிஎச்பி ஓடவே தொடங்கியிருக்காது.

கடைசியில் ஹோஸ்டிங்காரரிடம் போகத்தான் வேண்டும் என்றால், சைட் வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். ஃபேட்டல் வரியை அப்படியே ஒட்டி, நேரத்தையும் போடுங்கள். டீபக்.லாக்கில் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், நமக்கு மதியம் 3.40 என்றால் அங்கே 10.10. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டால் அவர்கள் வேறு நேரத்து லாக்கைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள். இரண்டு நேரத்தையும் எழுதி அனுப்புங்கள்.