‘கையால் வரைந்த தமிழ் எழுத்துரு’ வாங்கி ஏமாந்தேன், வடிவமைப்பாளர்கள் கவனத்துக்கு

சென்ற விநாயகர் சதுர்த்தியன்று மயிலாப்பூரில் திறக்கவிருந்த ஒரு பலகாரக் கடைக்குப் பெயர்ப்பலகை வடிவமைக்கும் வேலை எனக்கு வந்தது. கடையின் பெயர் ‘குட்டி கொழுக்கட்டை’. எழுத்துகள் குண்டாகவும் குறும்பாகவும் இருக்க வேண்டும், எதிர்ச்சாரியில் நிற்பவர்களுக்கும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று கடைக்கார அக்கா கேட்டிருந்தார். ஒரு விளம்பரத்தில் கண்ட ‘முழுக்கக் கையால் வரைந்த’ தமிழ் எழுத்துருவை (ஃபாண்ட்) 2,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். விற்றவர் மீது புகார் கொடுத்திருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

விளம்பரப் படத்தில் ‘பட்டம் பட்டாம்பூச்சி’ என்று எழுதியிருந்தது. அதில் வரும் நான்கு டகரங்களும் நான்கு விதமாகச் சாய்ந்திருந்ததைக் கண்டு மயங்கித்தான் பணம் கட்டினேன். அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். மாற்று வடிவங்களைத் தனியே வரைந்து, அவை மாறி மாறி வருவதற்கான விதிகளையும் சேர்த்தால் ஒழிய, ஓர் எழுத்துருவில் எத்தனை முறை தட்டினாலும் ஒரே டகரம்தான் வரும். அந்தப் படம் யாரோ தூரிகையால் எழுதியது; எனக்கு வந்த கோப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கோப்பை நிறுவி, கடைப்பெயரைத் தட்டியதும் முதல் எழுத்திலேயே இடறியது. ‘கு’ என்பது ஓர் எழுத்தாக வராமல், ககரமும் அதற்கு வலப்பக்கம் ஒட்டாத உகரக் குறியுமாகப் பிரிந்து நின்றது. ‘ழு’வுக்கும் அதே கதிதான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் உலகத் தரமான ஒருங்குறியில் (யூனிகோடு) தமிழுக்கு ஒதுக்கிய பகுதி 128 இடங்களே கொண்டது என்பதால் 247 எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியீடு கிடையாது. ககரத்தையும் உகரக் குறியையும் சேர்த்து ஒரே வடிவமாகக் காட்டுவது எழுத்துருவுக்குள் எழுதப்படும் விதிகளின் வேலை. 18 மெய்களுக்கும் உகர, ஊகார வடிவங்கள் மட்டுமே 36 வரைய வேண்டும். தமிழ் எழுத்துரு வரைபவரின் உழைப்பில் பெரும்பங்கு அங்கேதான் போகும். இந்தக் கோப்பிலோ அந்த விதிகள் அடியோடு இல்லை.

விற்றவரிடம் சொன்னபோது, ‘உங்க சாஃப்ட்வேர் பழசு சார்’ என்றார். வேறு இரண்டு மென்பொருள்களில் தட்டிப் படம் அனுப்பிய பிறகு, ‘சரிசெய்த’ கோப்பு என்று ஒன்றை அனுப்பினார். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைப் பொருத்திய பழைய முறைக் கோப்பு. அக்கா வாட்ஸ்அப்பில் ஒருங்குறியில் அனுப்பியிருந்த விலைப்பட்டியலை அதில் ஒட்டினால் ஓர் எழுத்துகூட வரவில்லை. 2010-லேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டுவிட்டது.

நாள் நெருங்கியதால், முதல் கோப்பின் எழுத்துகளை வளைகோடுகளாக, அதாவது வெறும் கோட்டுப் படமாக மாற்றி, உடைந்தவற்றை நானே ஒட்டவைத்து, திருவல்லிக்கேணியில் வழக்கமாக ஸ்டிக்கர் வெட்டும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ‘தம்பி, இதுல எத்தனை நோடு இருக்குன்னு பாத்தீங்களா? பிளேடு போயிடும்’ என்றார். ககரத்தின் ஓரம் முழுவதும் எறும்பு மொய்த்தாற்போல் நோடுகள், அதாவது கோட்டின் வளைவைத் தீர்மானிக்கும் புள்ளிகள். கையால் வரைந்தவர் ஒரு வளைவுக்கு இரண்டோ மூன்றோ புள்ளிகள்தான் வைப்பார். சுத்தமான எழுத்தின் விளிம்பை ஒரு கட்டளையால் சொரசொரப்பாக்கினால் இப்படி நூற்றுக்கணக்கில் முளைக்கும். என் பிடிவாதத்துக்காக அவர் வெட்டியும் பார்த்தார். சிவப்பு வினைல் ழகரத்தின் சுழியில் கிழிந்து பிளேடோடு சுருண்டது. அதற்கு ஆன 1,850 ரூபாயும் என் கணக்குதான்.

அன்றிரவுதான் கோப்பைத் துருவினேன். விண்டோஸில் எழுத்துருக் கோப்பின் மேல் வலச்சொடுக்கிப் பண்புகளில் விவரங்களைத் திறந்தால் காப்புரிமை வரி தெரியும். ஐந்து நொடி வேலை. கோப்பின் பெயரை மாற்றியவர் அந்த வரியை மாற்ற மறந்திருந்தார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு தமிழ் எழுத்துருவின் காப்புரிமை வாசகம், எஸ்ஐஎல் என்ற அமைப்பின் திறந்த எழுத்துரு உரிமத்தின் பெயரோடு அதில் அப்படியே இருந்தது. அந்த உரிமத்தின்படி எழுத்துருவை யாரும் மாற்றலாம், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம்; ஆனால் எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது, மாற்றிய வடிவத்தையும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும். எனக்கு வந்த ரசீதிலோ ‘ஒரு கணினிக்கு மட்டும் அனுமதி’ என்று அச்சிட்டிருந்தது. இந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது!

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பதிவிறக்கிய பொருளுக்கு அந்த வழக்கம் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிந்து, படங்கள், ரசீது, உரையாடல் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

பலகைக்கு ‘பலூ தம்பி 2’ எழுத்துருவை எடுத்துக்கொண்டேன். மும்பையின் ஏக் டைப் குழுவினர் அதே திறந்த உரிமத்தில் வெளியிட்டது. குண்டாக, உருண்டையாக, உகரம் ஊகாரம் எதுவும் பிசகாமல் வருகிறது. குறும்புக்காக இரண்டு எழுத்துகளை மட்டும் சற்றுச் சாய்த்தேன். பலகை ஒரு நாள் தாமதமாகத்தான் ஏறியது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, முன்பணத்துக்கு மேல் தர வேண்டியதில் 500 ரூபாய் குறைத்துக்கொண்டார்.

நேற்று அந்த விளம்பரம் மறுபடி என் கண்ணில் பட்டது. அதே பட்டாம்பூச்சிப் படம்தான். விலை மட்டும் 2,999 ஆகியிருக்கிறது.