பக்கி வேண்டுமா, பை போதுமா?

டர்பனிலிருந்து எஸ்வாத்தினி (பழைய ஸ்வாசிலாந்து) வழியாக மொசாம்பிக்கின் மாபுடோ வரை ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இதே பாதையில் இரண்டு முறை சைக்கிளில் போய் வந்திருக்கிறோம். இரண்டு முறையும் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்குச் சக்கர நாற்காலிகள் வாங்கத்தான் பணம் திரட்டினோம். 2019 ஜூலையில் ஆறு பேர் ஓட்டினோம், பின்னால் ஒரு பக்கி வந்தது. 2023 ஜூலையில் நான்கு பேர். பின்னால் யாரும் இல்லை, எல்லாம் சைக்கிளில் கட்டிய பைகளில்.

பக்கி என்றால் பின்னால் திறந்த தட்டு உள்ள பிக்கப் வண்டி. தென்னாப்பிரிக்காவில் எல்லா மொழிக்காரர்களும் அப்படித்தான் சொல்வோம். தமிழ்நாட்டு உறவினர்களிடம் "பக்கி எங்க கூடவே வந்துச்சு" என்று சொன்னபோது அவர்கள் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பயணத்தின் முடிவில் அவர்கள் ஊர் அர்த்தத்திலேயே எனக்கு அந்தச் சொல் பொருத்தமாகப் பட்டது வேறு விஷயம்.

எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். நான்கைந்து பேர், இந்தப் பாதை, குளிர்காலம் என்றால் பைதான்.

தெரிந்த விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கி இருந்தால் சைக்கிள் இலேசாக இருக்கும், ஒரு நாளைக்கு 90, 100 கிலோமீட்டர் போகலாம். பையோடு 70தான் நிம்மதி. ஜூலையில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுவதால் இந்த வித்தியாசம் உறைக்கும். பக்கியில் குளிர்பெட்டி உண்டு, முதல் இரண்டு நாள் ஆயா கட்டிக்கொடுத்த ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் உண்டு. பையில் போனால் வழியில் கிடைப்பதைத் தின்ன வேண்டும். மொசாம்பிக் போய்விட்டால் அது தண்டனையே இல்லை. போர்ச்சுக்கீசியர்கள் விட்டுப்போன பாவ் ரொட்டியும் பிரி பிரி கோழியும் சாலையோரத்திலேயே கிடைக்கும்.

இனி, எல்லாவற்றையும் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன்: எல்லைச் சாவடியில் வண்டிக்குக் காட்ட வேண்டிய காகிதங்கள்.

சைக்கிளோடு எல்லை தாண்ட என்ன வேண்டும்? பாஸ்போர்ட். தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்கு எஸ்வாத்தினிக்கும் விசா வேண்டாம், 30 நாள் வரை மொசாம்பிக்குக்கும் வேண்டாம். விலை கூடிய சைக்கிள் என்றால் பிரேம் நம்பரைப் புறப்படும்போதே சுங்கத்தில் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது. திரும்பும்போது "இதை அங்கே வாங்கினாயா?" என்ற கேள்வி வராது. அவ்வளவுதான்.

பக்கிக்கு என்ன வேண்டும்? பதிவுச் சான்றின் நகல். ஓட்டுபவர் சொந்தக்காரர் இல்லையென்றால் சொந்தக்காரர் எழுதிக்கொடுத்து போலீஸ் நிலையத்தில் முத்திரை வாங்கிய பிரமாணப் பத்திரம். வண்டி கடனில் வாங்கியது என்றால், கடன் அடையும்வரை அது சட்டப்படி வங்கியின் சொத்து. ஆகவே எந்த நாட்டுக்கு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யார் ஓட்டுகிறார் என்று வங்கி தரும் அனுமதிக் கடிதம். எல்லைக்கு அப்பாலும் காப்பீடு செல்லும் என்று காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம். பின்னால், தென்னாப்பிரிக்க வண்டி என்று காட்டும் இசட்.ஏ. என்ற ஒட்டி. எஸ்வாத்தினியில் சாலைக் கட்டணம். மொசாம்பிக் நம்முடைய சுங்க ஒன்றியத்தில் இல்லாத நாடு என்பதால் அங்கே தற்காலிக இறக்குமதிச் சீட்டு, உள்ளூர் மூன்றாம் நபர் காப்பீடு, இரண்டு சிவப்பு முக்கோணங்கள், ஒளிரும் மேலங்கி. இழுவைப் பெட்டி மாட்டியிருந்தால் அதற்குத் தனிக் காகிதங்கள்.

எழுதும்போதே மூச்சு வாங்குகிறது. ஆனாலும் 2019இல் இவை அத்தனையும் எங்களிடம் இருந்தன, உறையில் போட்டு வரிசையாக அடுக்கி. மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். வங்கிக் கடிதத்தில் ஓட்டுநர் என்று நண்பனுடைய மாமாவின் பெயர் ஒன்றுதான் இருந்தது. ஹ்லுஹ்லுவே வந்து சேர்ந்த இரவு மாமாவுக்குச் சிறுநீரகக் கல் வலி. துடித்துவிட்டார். விடியற்காலையில் டர்பனிலிருந்து அவருடைய மகன் காரில் வந்தான், கூடவே இன்னொரு தம்பி. மகன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக, அந்தத் தம்பி பக்கியை எடுத்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்தான். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நானும்தான்.

கொலேலா சாவடியில் நாங்கள் ஆறு பேரும் முத்திரை வாங்கிக்கொண்டு, மறுபக்கம் லாவுமிசாவில் போய் நின்றோம். பக்கி வரவில்லை. கடிதத்தில் ஒரு பெயர், ஓட்டுநர் உரிமத்தில் வேறு பெயர் என்று அதிகாரி மடக்கிவிட்டார். அவர் செய்தது சரிதான், திருட்டு வண்டிகள் எல்லை தாண்டும் நாட்டில் அவர் அப்படித்தான் பார்க்க வேண்டும். அன்று சனிக்கிழமை. வங்கிக்குத் திங்கட்கிழமைதான் விடியும். எங்கள் உடைகள், மாற்றுச் செருப்பு, மலேரியா மாத்திரை, ரொட்டி எல்லாம் பக்கியில். நாங்கள் அரைக்கால்சட்டையோடு ஜூலை மாதக் குளிரில். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்தோம். புதிய கடிதம் திங்கள் மதியம் மின்னஞ்சலில் வந்தது. இரண்டு நாள் போயிற்று. விடுப்பு தீர்ந்த இருவர் அங்கிருந்தே ஊர் திரும்பினார்கள்.

மாமாவுக்கு வலி வந்தது யார் குற்றமும் இல்லை. ஆனால் சைக்கிள்காரன் ஒருவனுக்கு அதே வலி வந்திருந்தால் ஒருவன் மட்டும் வீடு திரும்பியிருப்பான், மற்றவர்கள் போயிருப்பார்கள். பக்கி உள்ள குழுவில் ஓட்டுநர் ஒருவர் படுத்தால் ஆறு பேரும் நிற்க வேண்டியதாகிறது. புறப்படும் தேதியையும் தாண்டும் சாவடியையும் கால்கள் தீர்மானிப்பதில்லை, அந்தக் கடிதம் தீர்மானிக்கிறது.

2023இல் அதே கொலேலா. நான்கு சைக்கிள், நான்கு பாஸ்போர்ட், இரண்டு பக்கமும் சேர்த்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு காவலர் என் பின் டயரை அழுத்திப் பார்த்து "உயாபி?" என்று ஜூலுவில் கேட்டார், எங்கே போகிறாய் என்று. மாபுடோ என்றேன். இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார்.

அடுத்தது காசு. முதல் பயணம் முடிந்து கோயில் கமிட்டியில் கணக்கு வாசித்தபோது வயதான அண்ணா ஒருவர் கை தூக்கினார். "தம்பி, நாங்க கொடுத்த காசுல டீசலுக்கு எவ்வளவு போச்சு?" போகவர 1,200 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் என்று வைத்தால் 130 லிட்டருக்கு மேல், சைக்கிளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்ததில் இன்னும் கூடுதல். அதோடு காப்பீடு, கட்டணங்கள், ஓட்டுநருக்கு அறை, சாப்பாடு. நன்கொடைப் பணத்தை நாங்கள் தொடவில்லை, செலவுக்கு எங்களுக்குள்தான் பணம் போட்டுக்கொண்டோம். ஆனால் எல்லாம் ஒரே கணக்கு வழியாகப் போய்வந்ததால் அந்தக் கேள்விக்கு நேர்ப் பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அதனால் பக்கியோ பையோ, யார் போனாலும் நன்கொடையை உங்கள் கணக்கில் வாங்காதீர்கள். தென்னாப்பிரிக்க வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பாகப் பார்த்து, நேராக அதன் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். அந்த அமைப்பு தரும் ரசீதை வைத்து, வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை நன்கொடையாளர் கழித்துக்கொள்ளலாம். நீங்கள் கைப்பட எழுதிக் கொடுக்கும் துண்டுச்சீட்டுக்கு அந்த மதிப்பு கிடையாது. இரண்டாம் முறை அப்படித்தான் செய்தோம். கொடுத்தவர்களும் சற்றுக் கூடுதலாகவே கொடுத்தார்கள். வரிச்சலுகை காரணமா, பக்கி இல்லாமல் போகிறான்களே என்ற இரக்கமா, தெரியாது.

பாதுகாப்பில்தான் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. டர்பனிலிருந்து வடக்கே என்2 நெடுஞ்சாலை ஃப்ரீவே, அதாவது விரைவுச்சாலை என்பதால் அதில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. வெருலம், டோங்காட், ஸ்டேங்கர் வழியாகப் பழைய ஆர்102 சாலைதான். இருபக்கமும் கரும்பு. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களையும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களையும் கொண்டுபோய் விட்ட மண் இது. நம்மில் பலருக்கு ஏதோ ஒரு தாத்தா இந்த வரப்புகளில் நடந்திருப்பார். இங்கே பக்கி தேவையே இல்லை, மூலைக்கு மூலை கடை இருக்கிறது. எம்பாங்கேனி தாண்டியபின் கதை வேறு. ஃப்ரீவே முடிந்து சாலை குறுகி, மரமும் நிலக்கரியும் ஏற்றிய லாரிகள் உரசுவது போல வரும். அப்போது பின்னால் நான்கு விளக்கும் மின்ன ஒரு பக்கி இருந்தது நிம்மதி தந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஊர்ந்து வரும் பக்கியைக் கடக்க லாரி எதிர்ப்பக்கம் ஏறி, எதிரே வண்டி வர, சட்டென்று எங்கள் மேல் ஒடித்து வந்ததும் இரண்டு முறை நடந்தது. பை மட்டும் என்றால் நாம் ஓரத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். எது மேல் என்று இரண்டே பயணத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கண்ணைப் பறிக்கும் மேலங்கியும் பின்பக்கம் பார்க்கும் சின்னக் கண்ணாடியும் இரண்டு வழிக்கும் வேண்டும்.

பையின் குறைகளையும் சொல்ல வேண்டும். என்னுடையது 14 கிலோ. அந்த எடை முழுக்கப் பின்சக்கரத்தின் கம்பிகளில் உட்காரும். பந்தயச் சைக்கிளின் 20, 24 கம்பிச் சக்கரத்தோடு வந்த நண்பனுக்கு எஸ்வாத்தினியின் பிக் பெண்ட் அருகே கம்பி முறிந்தது, வழக்கம்போல் செயின் இருக்கும் பக்கத்தில். அந்தப் பக்கக் கம்பியை மாற்றப் பல்சக்கரக் கட்டையே கழற்ற வேண்டும், அதற்குத் தனிக் கருவி வேண்டும். எங்களிடம் கம்பி இருந்தது, கருவி இல்லை. கரும்பு ஆலையின் பட்டறை ஆள் ஒருவர் புண்ணியத்தில் தப்பினோம். 36 கம்பிச் சக்கரம் போடுங்கள், கருவியையும் எடுத்துக்கொள்ளுங்கள். கேரியர் திருகுகளைத் தினமும் காலையில் இறுக்கிப் பாருங்கள். அப்புறம் முள். இங்கே டுபெல்கி என்று ஆப்பிரிக்கான்ஸில் சொல்வது வேறொன்றுமில்லை, நம்முடைய நெருஞ்சிதான். ஓய்வெடுக்கச் சைக்கிளைச் சாலையோர மண்ணில் உருட்டினால் போதும், நாலு முள் ஏறும். ஆளுக்கு மூன்று ட்யூப்.

பிக் பெண்டிலிருந்து சிட்டேகி போகும் லுபொம்போ மலை ஏற்றத்தில் நான் பக்கியை நினைத்துக்கொண்டேன். பொய் சொல்ல மாட்டேன். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். ஆனால் ஏறி முடித்து, ம்ஹ்லுமேனி சாவடி தாண்டி, கோபாவிலிருந்து மாபுடோ பக்கம் இறங்கிய காலை இருக்கிறதே, அதைப் பக்கியோடு போனபோது நான் பார்க்கவே இல்லை. முதல் முறை இழந்த இரண்டு நாளைப் பிடிக்கத் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தேன்.

மாபுடோவிலிருந்து திரும்புவதில் பக்கிக்கு முழு மதிப்பெண். பக்கி இல்லாத எங்களுக்கு, பின்னால் இழுவைப் பெட்டி மாட்டிய மினிபஸ் டாக்சிதான் கதி. சைக்கிளுக்கும் ஓர் ஆள் கட்டணம் கேட்டார்கள். பேரம் பேசிப் பாதியாக்கினோம். வீடு வந்து பார்த்தால் என் சைக்கிளின் கியர் மாற்றும் பாகம் வளைந்திருந்தது. அட்டைப்பெட்டியில் கட்டி ஏற்றியிருக்க வேண்டும், சோம்பல்.

யாருக்குப் பக்கி? எட்டுப் பத்துப் பேர், அதில் பாதிப் பேர் டர்பனில் முடியும் அமஷோவா சைக்கிள் போட்டியின் 106 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டாதவர்கள் என்றால் பக்கி எடுங்கள். அறுபது தாண்டியவர்கள் இருந்தாலும் எடுங்கள். லெசோத்தோவுக்கு சானி கணவாய் வழி போவதானால், தென்னாப்பிரிக்கப் பக்கத்தில் நான்கு சக்கரத்துக்கும் இயந்திர விசை போகும் (4x4) வண்டிக்கு மட்டுமே அனுமதி என்பதை நினைவில் வையுங்கள், சாதாரணப் பக்கி கீழேயே நிற்கும். இன்னொரு நடுவழியும் உண்டு: எல்லை வரை பக்கி, அதற்குமேல் பை. காகிதத் தொல்லையே இல்லை. எங்கள் குழுவில் இதுவரை யாரும் அப்படிப் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த கனவு போட்ஸ்வானா வழியாக விக்டோரியா அருவி. நாட்டா முதல் கசுங்குலா வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர், யானைகள் சாலையிலேயே நடமாடும் வழி. சிங்கமும் உண்டு. நடுவில் பண்டமடெங்கா தவிரப் பெரிதாக ஊர் இல்லை. நான் போனதில்லை, போனவர்கள் சொன்னதுதான். யானை ரோட்டில் நின்றால் ஏறி உட்கார ஒரு கதவுள்ள வண்டி வேண்டும் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. எதிர்த்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. அதே பக்கிதான், கடன் இன்னும் அடையவில்லை. வங்கிக்குக் கடிதம் கேட்டு இப்போதே எழுதிவிட்டேன், ஓட்டுநர் என்ற இடத்தில் மூன்று பெயர்களோடு.