ஒரே ஒரு ராஸ்தான் விட முடியும்னா என் ஓட்டு மஞ்ச கோரிஸுக்கு

ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளக்கற கடல்நீர்த் தொட்டி, ஓரளவு செட் ஆனதும் அடுத்த கேள்வி இதுதான், ராஸ்ங்கற கடல் மீன்ல எத விடலாம்? ராஸ் குடும்பத்துல 500க்கு மேல இனம் இருக்கு, விரல் நீளம்கூட வளராத பாசம் ராஸும் அதுல ஒண்ணு, 2 மீட்டர் வரைக்கும் வளர்ற நெப்போலியன் ராஸும் அதுல ஒண்ணு. இவ்ளோ பெரிய கூட்டத்துல கலர மட்டும் பாத்து கை காட்டினா சரியா வராது. நான் முதல்ல பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான், இது ராத்திரி எங்க தூங்கும்?

ஏன்னா ராஸ்ல ரெண்டு கட்சி இருக்கு. சிக்ஸ்லைன், ஃபேரி, ஃபிளாஷர் எல்லாம் பாறை இடுக்குல போய் படுக்கும், நிறைய தடவை தன்னச் சுத்தி சளியாலயே ஒரு பை கட்டிக்கிட்டு அதுக்குள்ள தூங்கும், காலைல அந்தப் பை தண்ணில மிதக்கறத பாத்து என்னமோ ஏதோன்னு பயந்துடாதீங்க. ஹாலிக்கோரஸ் வகை, லெப்பர்ட் ராஸ் எல்லாம் மணலுக்குள்ள புதைஞ்சுதான் தூங்கும். உங்க டேங்க்ல அடில மணலே இல்லன்னா இந்த ரெண்டாவது கட்சிய மறந்துடுங்க, ராத்திரி ஒளிய இடம் தேடித் தேடியே அது நொந்து போயிடும்.

எனக்குப் பிடிச்சது மணல் கட்சி, அதுலயும் மஞ்ச கோரிஸ். பேர்ல கோரிஸ்னு இருந்தாலும் இது ஹாலிக்கோரஸ் கிரைசஸ், 12 செ.மீ. வரைக்கும்தான் வளரும். கடைல கோரிஸ் கைமார்ட்னு கேட்டுடாதீங்க, அது வேற மீன், குட்டியா இருக்கறப்ப ஆரஞ்சு உடம்புல வெள்ளைத் திட்டோட அள்ளிக்கிற மாதிரி இருக்கும், வளந்தா 40 செ.மீ., டேங்க்ல இருக்கற நத்தை, ஹெர்மிட் நண்டு ஒண்ணையும் விடாது.

மஞ்ச கோரிஸ் உடம்பு முழுக்க எலுமிச்சம்பழ மஞ்சள், முதுகுத் துடுப்புல கறுப்புப் புள்ளி. அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், அது வேலை செய்யற விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பாறைகிட்ட அப்படியே நின்னுகிட்டு ஒரு கண்ண மேலயும் இன்னொரு கண்ண கீழயும் தனித்தனியா உருட்டிப் பாக்கும், தலைய லேசா சாய்க்கும், அப்புறம் டக்னு ஒரே கொத்து, நம்ம கண்ணுக்கு அங்க எதுவுமே தெரிஞ்சிருக்காது. பகல் பூரா இதே வேலைதான். ஃபிளாட்வார்ம், குட்டி பிரிஸ்டில் வார்ம் மாதிரி புழு, கிளாம்ங்கற சிப்பி மேல உக்காந்து உறிஞ்சற பொடி நத்தை இதெல்லாம் நல்லா கொறையும். ஆனா கூட்டமா பெருகிட்ட பூச்சிய இது ஒண்ணே ஒழிச்சிடும்னு நம்பி வாங்காதீங்க, ஆரம்பத்துலயே விட்டா பெருக விடாது, அவ்ளோதான்.

சாயங்காலம் லைட் மங்க ஆரம்பிச்சதும் டேங்க் முன்னாடி உக்காந்து பாருங்க. மணலுக்குக் கிட்ட தாழ்வா ரெண்டு மூணு சுத்து சுத்தும், தனக்குன்னு வச்சிருக்கற இடத்துக்கு வரும், ஒரு பக்கமா சாஞ்சு தலைய உள்ள குத்தி உடம்ப ஒரு உதறு உதறும், அடுத்த நொடி ஆளக் காணோம், மேல கொஞ்சம் புழுதி மட்டும் இறங்கிட்டிருக்கும். இதுக்கு மணல் பொடியா இருக்கணும், 5 செ.மீ. ஆழமாவது வேணும். கரடுமுரடான பவளத் துண்டு போட்ட டேங்க்னா வாயும் உடம்பும் உராஞ்சு புண்ணாயிடும்.

புதுசா விட்டதும் சில நாள் வெளியவே வராம இருக்கலாம். செத்துப் போச்சோன்னு மணலக் கிளறித் தேடாதீங்க, தயவுசெஞ்சு. அது பாட்டுக்கு இருக்கட்டும், பசி எடுத்தா தானா வரும். புது மீனத் தனியா வச்சுப் பாக்கற குவாரன்டைன் டேங்க்ல அடி வெறுமையா இருந்தா ஒரு பிளாஸ்டிக் டப்பால மணல் போட்டு வச்சாலே போதும், ஆனா காப்பர் மருந்து போடறவங்க கவனம், பவள மணல் காப்பர உறிஞ்சிக்கும், சிலிக்கா மணல் நல்லது.

சாப்பாட்டுல ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியறதில்ல, ராஸுக்கு இரைப்பைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. சேத்து வச்சுக்க முடியாது, அதனால ஒரே வேளைக்கு நிறையக் கொட்டறதுல பிரயோஜனம் இல்ல, கொஞ்சம் கொஞ்சமா நாளைக்கு ரெண்டு மூணு தடவை. மைசிஸ்ங்கற இறால் மாதிரி பொடி உயிர நல்லா சாப்பிடும், பெல்லட்ங்கற உருண்டைத் தீனியும் சீக்கிரமே பழகிடும். கடைல எடுக்கறப்ப ஒரு தடவை சாப்பிட வச்சுப் பாருங்க, தலைக்குப் பின்னாடி முதுகு ஒட்டிப் போயிருக்கா, உதடு அடிபட்டிருக்கான்னும் பாருங்க. பாக்கெட்ல வர்றப்ப மணல்னு நெனச்சு மூலைல முட்டிக்கும், வாய் உடைஞ்சது பொழைக்கறது கஷ்டம்.

குறைனு பாத்தா குதிக்கும். எல்லா ராஸும் குதிக்கும், வலை மூடி இல்லாத டேங்க்ல எந்த ராஸும் வேண்டாம், கண்ணி 6 மி.மீ.க்கு மேல போகக் கூடாது, ஒயர் போற மூலைய முதல்ல அடைங்க. இறகு விசிறி மாதிரி இருக்கற ஃபெதர் டஸ்டர் புழுவக் கொத்தலாம், ரொம்பக் குட்டி இறாலயும் சாப்பிடலாம். பவளத்த தொடாது.

மெலனூரஸ் இதுக்கு உறவுக்கார ராஸ், பச்சையும் நீலமுமா ஆரஞ்சு கோடு போட்டு ஆண் பிரமாதமா இருக்கும், வேட்டைலயும் கில்லாடி, ஆனா கொஞ்சம் முரடு. அமைதியான குட்டி மீன் நிறைய வச்சிருந்தா மஞ்சளே போதும்.

சிக்ஸ்லைன் எல்லா கடைலயும் கிடைக்கும், சின்னது, புழு தேடறதுல கெட்டி. ஆனா எனக்கு இஷ்டமில்ல. இடம் பழகினதும் புதுசா வர்ற எல்லாத்தையும் விரட்டி விரட்டி மூலைல ஒடுக்கிடும், விட்டே ஆகணும்னா எல்லா மீனும் போட்டு முடிச்சதுக்கு அப்புறம் கடைசியா விடுங்க.

கலர்தான் வேணும்னா ஃபேரியும் ஃபிளாஷரும். ஃபிளாஷர் ஆண் பெண்களுக்கு முன்னாடி துடுப்ப விரிச்சு கலர ஏத்திக்கிட்டு ஓடறத பாத்தா வேற எதுவும் கண்ணுல படாது. ஒரு ஆண், ரெண்டு மூணு பெண்ணுன்னு வைங்க, தனியா விட்ட ஆண் நாளடைவுல மங்கிடும். பெண்ணுல பெருசு ஆணா மாறிடும்ங்கறதால ரெண்டு பெண் வாங்கறப்பவே அத கணக்குல வச்சுக்கணும். இந்த ஃபேரி கூட்டத்துல இன்னும் புதுசு வந்துட்டே இருக்கு, 2022லதான் மாலத்தீவுல இருந்து ஃபினிஃபென்மாங்கற ரோஜா நிற ராஸுக்கு பேர் வச்சாங்க, அந்த நாட்டு விஞ்ஞானி ஒருத்தரே சேந்து விவரிச்ச முதல் மாலத்தீவு மீன் அது.

லெப்பர்ட் ராஸ் பழைய டேங்க்காரங்களுக்கு மட்டும், கோபேபாட்ங்கற பொடி உயிர் நிறைஞ்ச டேங்க் இல்லன்னா கண்ணு முன்னாடியே மெலிஞ்சு போகும். கிளீனர் ராஸ் வேண்டவே வேண்டாம். மத்த மீன் மேல இருக்கற ஒட்டுண்ணியத் தின்னு வாழ்ற ஜீவன், டேங்க்ல அதுக்கு அந்தத் தீனி எப்படிக் கிடைக்கும்? 2019ல கண்ணாடில தெரியறது தான்தான்னு அதுக்குப் புரியற மாதிரி இருக்குன்னு ஆராய்ச்சி வந்துச்சு, அப்படிப்பட்ட மீன் கடல்லயே இருக்கட்டும். டேங்க் ரொம்பச் சின்னது, மஞ்ச கோரிஸ் நீந்த இடம் பத்தாதுன்னா பாசம் ராஸ் பாருங்க, வெக்கப்படும், பாறைக்குள்ளயே சுத்தும், யாரையும் தொந்தரவு பண்ணாது.