மரத்தவளைக்கு எக்ஸோ டெர்ரா 45×45×60 தொட்டி: ஆறு மாதம் வைத்துப் பார்த்த பிறகு

சிட்னியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பச்சை மரத்தவளைக் குட்டிகள் வந்து ஆறு மாதம் ஆகிறது. அவற்றுக்காக வாங்கியது எக்ஸோ டெர்ராவின் 45×45×60 செ.மீ. கண்ணாடித் தொட்டி. தாராளமாக வாங்கலாம். ஆனால் இதே அகலத்தில் 45 செ.மீ. உயரத்துக்கும் ஒன்று கிடைக்கிறது, விலை குறைவு என்று அதை எடுத்துவிடாதீர்கள். இவை மேலே ஏறி வாழ்கிற உயிர்கள். எங்கள் இரண்டும் பகல் முழுக்க மேல் மூலையில் கண்ணாடியோடு ஒட்டி, கால்களை மடக்கித் தூங்குகின்றன. ராத்திரி தண்ணீர்க் கிண்ணத்துக்கும் பூச்சிக்கும்தான் கீழே இறக்கம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது முன்பக்கத்து இரட்டைக் கதவு. தலைக்கு மேலிருந்து கை வந்தால் பறவை கொத்த வருவதுபோல மிரளுகிற தவளை, பக்கவாட்டிலிருந்து மெதுவாக வந்தால் கண்ணை மட்டும் திறந்து பார்க்கிறது. ஒரு கதவைத் திறந்து கிண்ணத்தைக் கழுவி வைத்துவிடலாம், இன்னொரு பக்கம் தூங்குபவர் தூங்கிக்கொண்டே இருப்பார். கதவுக்குக் கீழே காற்றுவழி, மேலே வலைமூடி, அதனால் உள்ளே புழுக்கம் தங்குவதில்லை. இந்த இனத்துக்கு எப்போதும் சொதசொதவென்று ஈரம் வேண்டியதில்லை, மாலையில் ஒரு முறை தண்ணீர் தெளித்தால் போதும், காலைக்குள் காய்ந்துவிட வேண்டும். யுவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கையும் அந்த வலைமேல்தான் வைத்திருக்கிறேன், கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

சிக்கல் தொட்டியில் இல்லை, கடையில் (பெயர் வேண்டாம்) அதோடு சேர்த்துக் கட்டிக்கொடுத்த பொருள்களில்தான். ஒட்டுகிற முள் தெர்மாமீட்டர் 26 டிகிரி காட்டியது, சந்தேகப்பட்டு ஒரு டிஜிட்டல் வாங்கி வைத்தால் 21! பகலில் 24 முதல் 28 வரை இருக்க வேண்டிய இடம் இது. குளிர்காலத்தில் அந்த முள்ளை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அப்புறம் ஒரு பை கூழாங்கல். தயவுசெய்து போடாதீர்கள். பூச்சிமேல் பாயும்போது கல்லையும் சேர்த்து விழுங்கி, அது குடலை அடைத்துக்கொள்ளும். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இங்கே அப்படியே உண்மை. நாங்கள் முதல் மாதம் முழுக்க வெறும் சமையலறைக் காகிதம்தான் விரித்தோம், எச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் அதுதான் வசதி.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. தவளை வாயால் குடிப்பதில்லை, தோல் வழியாக உறிஞ்சுகிறது, அதனால் கிருமி கொல்லத் தண்ணீரில் கலக்கிற குளோரமின் என்கிற வேதிப்பொருள் நேரே உள்ளே போகும். ஒரு ராத்திரி திறந்து வைத்தாலும் அது போகாது, மீன் தொட்டித் தண்ணீருக்கு விடுகிற, குளோரமினை நீக்கும் திரவத்தைக் கலந்தே ஊற்றுங்கள். கையில் சோப்பு, சன்ஸ்கிரீன் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

முதல் சில நாள் இரண்டும் சாப்பிடவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன், அதுவே தப்பு. தொட்டியை ஒரு துணியால் மூடிவிட்டு, தொந்தரவு செய்யாமல் விட்டோம். ஆறாவது ராத்திரி சின்னது வெட்டுக்கிளி மாதிரி தாவி ஒரு சிள்வண்டைப் பிடித்தது, மகள் கத்திய கத்தலில் வீடே எழுந்துவிட்டது. பூச்சி, தவளையின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. கால்சியம் பொடியில் புரட்டிப் போடுங்கள். வளர்ந்தபின் வாரத்துக்கு இரண்டு, மூன்று வேளை போதும், கேட்கிறதே என்று போட்டுக்கொண்டே இருந்தால் குண்டாகிக் கண்மேல் சதை மடிந்து விழும்.

தொட்டிக்குப் பணம் கட்டுமுன் உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். நியூ சவுத் வேல்ஸில் உள்நாட்டுத் தவளை வளர்க்க அது கட்டாயம், தோட்டத்தில் கண்டதைப் பிடித்து வந்து வைத்துக்கொள்ளவும் முடியாது.