சமூக அறக்கட்டளையிடம் எதைக் கேட்பது: திட்டமா, கட்டடமா, அன்றாடச் செலவா?

பலருடைய கொடையை ஒரே நிதியில் சேர்த்து ஊர்த் தேவைகளுக்குப் பகிர்ந்து தருவது சமூக அறக்கட்டளை. அதற்கு விண்ணப்பம் எழுத உட்காரும் சிறிய தொண்டு அமைப்புகள் பெரும்பாலும் "எவ்வளவு கேட்கலாம்?" என்றுதான் தொடங்குகின்றன. அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது எந்த வகைப் பணம் வேண்டும் என்பதை. ஒரே தொகை திட்ட நிதியாக வந்தால் ஓராண்டில் கரைந்துவிடும். கட்டட நிதியாக வந்தால் முப்பது ஆண்டு நிற்கும், கூடவே முப்பது ஆண்டுக்கான செலவையும் கொண்டுவரும். அன்றாடச் செலவுக்கான நிதியாக வந்தால் வெளியே எதுவும் தெரியாது, ஆனால் அமைப்பு உயிரோடு இருக்கும். ஊரில் நிலைத்து நிற்கும் மாற்றம் வேண்டுமென்றால் மூன்றாவதைத்தான் குறிவைக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்த அறக்கட்டளைகள் பிறந்த கதையே இதற்கு ஆதரவு தருகிறது. 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஃபிரெடெரிக் காஃப் என்ற வங்கித் தலைவர் முதல் சமூக அறக்கட்டளையைத் தொடங்கினார். செல்வந்தர்கள் உயிலில் குறுகலான நோக்கங்களை எழுதிவைத்துவிட்டுப் போய்விடுவார்கள்; காலம் மாறும், அந்த நோக்கம் செத்துப்போகும், பணம் மட்டும் அசையாமல் கிடக்கும். அதனால் பலருடைய கொடையை ஒரே நிதியில் சேர்த்து, அந்தந்தக் காலத்தின் தேவையைப் பார்த்து உள்ளூர்க் குழு ஒன்று செலவழிக்கட்டும் என்றார் காஃப். நோக்கம் காலாவதியானால் மாற்றிக்கொள்ளும் அதிகாரமும் அதில் சேர்ந்தது. 1921-இல் கனடாவின் வின்னிபெக்கிலும் இதே போன்ற அறக்கட்டளை வந்தது. இன்று பல நாடுகளில் இருக்கின்றன. நெகிழ்வான பணத்தின் அருமையை அறக்கட்டளைகளுக்கு நாம் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. துணிந்து கேட்கலாம்.

ஆனால் பெரும்பாலான அறிவிப்புகள் திட்ட நிதிக்குத்தான் வருகின்றன. பள்ளி முடிந்த பிறகு குழந்தைகளுக்கு வாசிப்பு வகுப்பு, முதியோருக்கு உணவு, ஓராண்டு காலம், இத்தனை பேர் பயனடைவார்கள் என்ற கணக்கு. புதிய அமைப்புக்கு இதுவே எளிய வாசல். அறக்கட்டளைக்கு உங்களைத் தெரியாது. சிறிய தொகையைக் கொடுத்து, சொன்னதைச் செய்கிறீர்களா என்று பார்க்கிறார்கள். அதில் தவறில்லை. சிக்கல் பட்ஜெட்டில் இருக்கிறது. ஆசிரியர் சம்பளம், புத்தகம், தின்பண்டம் எல்லாம் எழுதுவார்கள். வாடகை, மின்கட்டணம், காப்பீடு, கணக்காளர், ஒருங்கிணைப்பவர் செலவிடும் நேரம் ஆகியவற்றை விட்டுவிடுவார்கள், நிர்வாகச் செலவு என்றாலே குற்றம்போலத் தெரிவதால். இப்படிக் குறைத்துக் காட்டுவதால் கொடையாளர்கள் இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார்கள், அமைப்பு இன்னும் மெலிகிறது. 2009 முதல் தொண்டுத் துறையில் இதற்குப் 'பட்டினிச் சுழற்சி' என்றே பெயர். திட்டம் வெற்றி, நடத்திய அமைப்பு காலி என்ற விசித்திரம் இப்படித்தான் நேர்கிறது.

ஆகவே திட்ட நிதி மட்டுமே கிடைக்குமென்றால் முழுச் செலவையும் எழுதுங்கள். ஒருங்கிணைப்பவரின் நேரத்தில் பாதி இந்தத் திட்டத்துக்குப் போகிறதா? பாதிச் சம்பளத்தைப் போடுங்கள். வாதத்துக்கு ஓர் அளவுகோலும் இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் நிதியில், அரசோடு தனியாக விகிதம் பேசி முடிவு செய்யாத அமைப்புகள், வாடகை, நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவுக்காக நேரடிச் செலவில் 10 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது; 2024 அக்டோபரில் அதை 15 ஆக உயர்த்தினார்கள். சமூக அறக்கட்டளைகளை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் அரசே ஒப்புக்கொள்ளும் செலவை நாம் ஒளித்துவைக்கத் தேவையில்லை.

அடுத்து கட்டடம், வாகனம், கருவி. அறக்கட்டளைக்கும் கொடையாளருக்கும் இது பிடிக்கும்: கண்ணால் பார்க்கலாம், பெயர்ப் பலகை வைக்கலாம். சில அமைப்புகளுக்கு உண்மையிலேயே இதுதான் தேவை. உணவு வங்கிக்குக் குளிர்சாதன அறை இல்லையென்றால் காய்கறியை வாங்கிவைக்கவே முடியாது. ஆனால் கட்டடம் கட்டுவது யானை வாங்குவதைப் போல, வாங்குகிற விலையைவிடத் தீனி பெரிது. பராமரிப்பு, காப்பீடு, பழுது ஆகியவற்றின் ஆண்டுச் செலவு எங்கிருந்து வரும் என்று ஒரு பக்கம் எழுத முடியாவிட்டால் விண்ணப்பிக்காமல் இருப்பதே நல்லது.

அன்றாடச் செலவுக்கான பொது நிதிதான் கிடைப்பதற்கு அரிது. ஏற்கெனவே அறிமுகமான அமைப்புகளுக்குத்தான் பெரும்பாலும் தருவார்கள், அதுவும் ஓராண்டுக்கு. 2020-இல் கொரோனா வந்தபோது பல நூறு அறக்கட்டளைகள் நிபந்தனைகளைத் தளர்த்துவதாக உறுதியளித்தன. தேவை எங்கே முளைக்கும் என்று முன்கூட்டித் தெரியாத காலத்தில் கட்டுப்பாடில்லாத பணம்தான் உதவும் என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது. சாதாரண காலத்திலும் அதுதான் நிலைமை. நல்ல ஊழியர் ஒருவர் மூன்று ஆண்டு தொடர்ந்து இருந்தால் அவருக்கு ஊரும் தெரியும், ஊருக்கு அவரையும் தெரியும். எந்தத் தனித் திட்டத்தாலும் அதை ஓராண்டில் உண்டாக்க முடியாது. ஓராண்டுக்கு ஒரு பெரிய தொகையா, மூன்று ஆண்டுக்குப் பிரித்து வரும் சிறிய தொகையா என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

திறன் வளர்ப்பு நிதி என்று ஒன்றும் உண்டு: கணக்கு மென்பொருள், நிர்வாகக் குழுவுக்குப் பயிற்சி, கொடை திரட்டும் திட்டம். தொகை சிறியது, போட்டியும் குறைவாக இருக்கலாம். கணக்கு வழக்கு சீராக இல்லாத அமைப்பு இங்கே தொடங்குவது புத்திசாலித்தனம்.

சிலர் நேரே நிரந்தர வைப்பு நிதிக்குத் தாவுகிறார்கள். அமைப்பின் பெயரில் அறக்கட்டளையிடம் பணம் போட்டுவைத்து ஆண்டுதோறும் வருமானம் பெறும் ஏற்பாடு. நிலைத்திருப்பது என்றாலே இதுதான் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதம் எடுப்பதுதான் பொதுவான வழக்கம். ஒரு லட்சத்துக்கு வருவது நாலாயிரம், ஐயாயிரம். அதோடு, பல இடங்களில் அந்த மூலதனம் சட்டப்படி அறக்கட்டளைக்குச் சொந்தமாகிவிடும்; அவசரத்துக்குத் திரும்பக் கேட்க முடியாது. ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாத அமைப்பு இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? புதிய அமைப்பு என்றால் முழுச் செலவோடு எழுதிய சிறிய திட்ட நிதி. கணக்கு தடுமாறினால் திறன் வளர்ப்பு. இரண்டு மூன்று ஆண்டு வேலையைக் காட்ட முடிந்தால் பல ஆண்டுப் பொது நிதி. கட்டடம் அதற்கு அப்புறம்.

எழுதத் தொடங்கும் முன் அறக்கட்டளையில் விண்ணப்பங்களைக் கவனிக்கும் திட்ட அலுவலரை அழைத்துப் பேசுங்கள். பொதுப் போட்டிக்கான நிதி, குறிப்பிட்ட துறைக்கான நிதி, கொடையாளர் ஆலோசனைப்படி செல்லும் நிதி என்று அறக்கட்டளைக்குள்ளேயே பல பைகள் உண்டு. கடைசி வகைக்குப் பெரும்பாலும் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. ஆனால் பொருத்தமான கொடையாளரிடம் உங்கள் பெயரைச் சொல்லக்கூடியவர் அந்த அலுவலர்தான். பதிவு பெறாத குழுவாக இருந்தால், பதிவு பெற்ற வேறோர் அமைப்பின் வழியாக விண்ணப்பிக்க இடம் உண்டா என்றும் அவரிடமே கேட்கலாம்.

அப்புறம், ஏறக்குறைய எல்லாப் படிவத்திலும் வரும் அந்தக் கேள்வி: பணம் முடிந்த பிறகு எப்படி நடத்துவீர்கள்? "வேறு நிதியுதவிகளுக்கு முயல்வோம்" என்று எழுதுவது பதிலே இல்லை, படிப்பவருக்கும் அது தெரியும். எந்தச் செலவு முதல் ஆண்டோடு முடிகிறது, எது தொடர்கிறது, தொடர்வதில் எவ்வளவு உள்ளூர்க் கொடை, எவ்வளவு கட்டணம், எவ்வளவு தன்னார்வலர் உழைப்பு என்று ஆண்டுவாரியாக எழுதுங்கள். இன்னும் துண்டு விழும் இடம் இருந்தால் அதையும் தொகையோடு சொல்லிவிடுங்கள். இரண்டாம் ஆண்டு நிதி கேட்டு வரும்போது பேச்சு அந்தத் தொகையிலிருந்தே தொடங்கும்.