பின்னா, ஹெக்ஸா, எஸ்-19ஆ? இசியு ஃபைலை மாற்றும்போது தொலைவது எது

கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிகளுக்கு மட்டும் ரீமேப் செய்கிறேன். அதாவது, எஞ்சினை இயக்கும் கணினியான இசியுவில் உள்ள மேப்களை (எரிபொருள் அளவு போன்ற அட்டவணைகளை) திருத்துகிறேன். அந்த ஃபைல் பின், ஹெக்ஸ், எஸ்-19 என்ற வடிவங்களில் வரும். போன மழைக்காலத்தில் ஈரோட்டுத் தம்பி ஒருவர் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார். "அண்ணா, ஹெக்ஸை பின்னா மாத்துனா ஃபைலு ரெண்டு ஜிபி வருதுங்க. டூலு கெட்டுப்போச்சுங்களா?"

டூல் சரியாகத்தான் இருந்தது. அது பாஷின் இடிசி17 என்ற டீசல் இசியுவின் ஃபைல். அதன் ட்ரைகோர் சிப்பில் ஃப்ளாஷ் நினைவகம் தொடங்கும் முகவரி, ஹெக்ஸ் கணக்கில் 80000000. அதாவது சரியாக 2 ஜிபி. டூல் பூஜ்யத்திலிருந்து அதுவரை வெற்றிடத்தை நிரப்பி வைத்திருந்தது. அந்த முகவரியைக் கழித்துவிட்டு மாற்றச் சொன்னேன், ஃபைல் தன் அளவுக்கு வந்துவிட்டது.

பின் ஃபைலில் வெறும் பைட்டுகள்தான், முகவரி கிடையாது. மேப் தேட, திருத்த இதைவிட வசதி வேறில்லை. 512 கேபி ஃப்ளாஷுக்கு ஃபைலும் 512 கேபி. ரீட் பாதியில் நின்றிருந்தால் அளவே சொல்லிவிடும். ஆனால் நடுவில் ஒரு பைட் கெட்டாலும் காட்டிக்கொடுக்க அதில் எதுவும் இல்லை.

இன்டெல் ஹெக்ஸில் ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியில் தொடங்கும். எத்தனை பைட், எந்த முகவரி, வரியின் வகை, டேட்டா, கடைசியில் அந்த வரிக்கான செக்சம், அதாவது பிழை இருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண். வரிக்கு 16 பைட் வைத்தால் அதே 512 கேபி ஏறக்குறைய 1.4 எம்பி ஆகும். ஆகட்டும், முகவரி கூடவே வருகிறதே! மோட்டோரோலாவின் எஸ்-19 இதற்குப் பங்காளி: எஸ்1 வரியில் 16 பிட் முகவரி, எஸ்2வில் 24, எஸ்3இல் 32. டூல் கேட்டால் ஒழிய நான் அதைத் தொடுவதில்லை.

இடைவெளியில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஹெக்ஸ் காலி இடத்தைத் தாண்டிப் போய்விடும், பின்னில் அதை நிரப்பியாக வேண்டும். அழித்த ஃப்ளாஷ் பெரும்பாலும் எஃப்எஃப் ஆக இருக்கும். சில டூல்கள் சொல்லாவிட்டால் 00 போட்டுவிடும். இசியு தன் செக்சத்தில் அந்தப் பகுதியையும் சேர்த்திருந்தால் கணக்கு உதைக்கும். இந்தச் செக்சம் வேறு, ஹெக்ஸ் வரியின் செக்சம் வேறு. "எல்லா வரியும் ஓகேங்க" என்று சொல்லி அப்படியே எழுதிவிடாதீர்கள். மேப்பை மாற்றினால் இசியுவின் செக்சத்தை அந்த இசியு தெரிந்த டூல்தான் திருத்த முடியும். ஃபார்மட் மாற்றுவது அதைத் தொடவே தொடாது.

பைட் வரிசையை மாற்றும் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இடிசி17க்கு முந்தைய இடிசி16 பெரிய பைட்டை முன்னால் வைக்கும், இடிசி17 பின்னால். அதை மேப் பார்க்கும் மென்பொருளில் தேர்ந்தெடுத்தால் போதும்.

திருத்துவதற்கு பின் ஃபைல், அடுத்தவருக்கு அனுப்ப ஹெக்ஸ். இதுதான் என் தேர்வு. வந்த ஒரிஜினலை எந்த வடிவில் வந்ததோ அப்படியே பூட்டி வையுங்கள். வடிவம் மாற்றிய ஃபைலைத் திரும்பப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்து, மாற்றுவதற்கு முன் இருந்ததோடு பைட் பைட்டாக ஒப்பிட்ட பிறகே வண்டியில் ஏற்றுங்கள். பின் ஃபைலைத்தான் அனுப்பியாக வேண்டுமென்றால் தொடக்க முகவரியை ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள். ஈரோட்டுத் தம்பி இப்போது அப்படித்தான் அனுப்புகிறார்.