பழைய கேமை மறுபடி ஆட எது நல்ல வழி? கன்சோல், எமுலேட்டர், ரீமாஸ்டர், ரீமேக்

சின்ன வயதில் ஆடிய வீடியோ கேம் ஒன்றை மறுபடி ஆட ஆசை வந்துவிட்டால் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. அன்று டிவியில் செருகி ஆடிய கன்சோலையே தேடிப் பிடிக்கலாம். பழைய கன்சோலைப் போலவே இயங்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளைப் போட்டு கம்ப்யூட்டரிலோ போனிலோ ஆடலாம். நிறுவனமே தூசி தட்டி, படத்தைத் தெளிவாக்கி விற்கும் ரீமாஸ்டரை வாங்கலாம். அடியிலிருந்து புதிதாகக் கட்டிய ரீமேக்கை ஆடலாம். பெயர் ஒன்றுதான், கிடைக்கும் அனுபவம் ஒன்றில்லை.

இவற்றை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் விரல்கள். சூப்பர் மரியோ பிரதர்ஸை (1985) எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மரியோ, பட்டனை விட்டதும் நின்றுவிட மாட்டார், கொஞ்சம் சறுக்கித்தான் நிற்பார். தாவும் பட்டனைத் தட்டினால் குட்டித் தாவல், அழுத்திப் பிடித்தால் உயரத் தாவல். அந்தரத்தில் இருக்கும்போதே திசையையும் கொஞ்சம் திருப்பலாம். பல வருடம் கழித்துக் கையில் எடுத்தாலும் முதல் பள்ளம் வரும்போது கட்டைவிரல் தானாக அழுத்தும். நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவைதான் அதிகமாக வரும் என்பது உளவியலில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். அந்த வயதில் விரலில் ஏறியது லேசில் இறங்காது. அந்தப் பழக்கம் அப்படியே வேலை செய்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இந்தக் கணக்கில் அசல் கன்சோலை யாராலும் அடிக்க முடியாது. கூடவே பழைய பிக்சர் டியூப் டிவியும் இருந்தால்! அந்த டிவியை வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. வாத்து சுடும் டக் ஹன்ட் கேமின் பொம்மைத் துப்பாக்கியை இன்றைய தட்டை டிவியில் நீட்டினால் ஒரு வாத்துகூட விழாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகி, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பிடிக்கிறதா என்பதுதான் சோதனை. புதிய டிவி படத்தைப் பக்குவப்படுத்தி ஒரு நொடியின் சிறு பங்கு தாமதமாகத்தான் காட்டுகிறது. அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும்.

சோனிக் (1991) கேமின் நீர்வீழ்ச்சியும் அப்படித்தான். கேம் பதிந்திருக்கும் கார்ட்ரிட்ஜில் இருப்பது ஒன்றுவிட்டு ஒன்றாக வரைந்த செங்குத்துக் கோடுகள். பழைய கேபிள் வழியாகப் பழைய டிவிக்குப் போகும்போது அவை ஒன்றோடொன்று கலங்கி, பின்னால் இருப்பது தெரிகிற தண்ணீராக ஆகிவிடும். துல்லியமான திரையில் பார்த்தால் கம்பி வேலி மாதிரி நிற்கும். மங்கலான படத்தையே தூரிகையாக வைத்து வரைந்திருக்கிறார்கள். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் பொருளுக்கு வயதாகிறது. கெபாசிட்டர் கசியும், டிஸ்க் படிக்கும் லேசர் தேயும். பழைய போகிமான் கார்ட்ரிட்ஜுக்குள் சேவ் கோப்பைத் தாங்கிக்கொண்டிருப்பது ஒரு சின்ன பட்டன் பேட்டரிதான். கோல்டு, சில்வர் (1999) இரண்டிலும் அதே பேட்டரிதான் கடிகாரத்தையும் ஓட்டுகிறது; அதனால் இன்னும் சீக்கிரம் தீரும். பேட்டரி போனால் கேம் ஓடும், நீங்கள் வளர்த்த பிகாச்சு இருக்காது. மாற்ற வேண்டுமானால் சால்டரிங் தெரிந்திருக்க வேண்டும். அந்த வேலையையும் விரும்பிச் செய்பவர்களுக்கு இதுதான் சிறந்த வழி. மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மற்றவர்களுக்கு எமுலேட்டர். பழைய கன்சோலின் சர்க்யூட்டுகள் செய்த வேலையை மென்பொருளால் போலச் செய்வதுதான் இது. 1990களின் கடைசியில் வேகத்துக்காகத் துல்லியத்தை விட்டுக்கொடுத்த எமுலேட்டர்கள் பிரபலமாக இருந்தன. இன்றைய நல்ல எமுலேட்டர்கள் பழைய சிப்பின் ஒவ்வொரு துடிப்பையும் கணக்கிட்டு ஓடுகின்றன. பிக்சர் டியூப் தோற்றத்தைத் தரும் ஃபில்டர்கள் இருக்கின்றன. சோனிக்கின் நீர்வீழ்ச்சி மறுபடி தண்ணீராகிறது. ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் மென்பொருளில் ‘ரன் அஹெட்’ என்றொரு வசதி உண்டு. அடுத்த ஃபிரேமை முன்கூட்டியே கணக்குப் போட்டு, பட்டனுக்கும் திரைக்கும் நடுவில் வரும் தாமதத்தைக் குறைத்துவிடும். விரலுக்கு அசலில் இருந்த அதே பதில் கிடைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? சோனி நிறுவனத்துக்கும், அதன் பிளேஸ்டேஷனுக்கு எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸுக்கும் நடந்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000ல் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. எமுலேட்டர் செய்வது அதனாலேயே குற்றமாகிவிடாது. கேம் கோப்பு வேறு விஷயம், அதற்குப் பதிப்புரிமை இருக்கிறது. 2024ல் யூசு எமுலேட்டர்காரர்கள் நின்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்து கடையைக் கட்டினார்கள். அந்த எமுலேட்டர் அப்போது விற்பனையில் இருந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கானது. பழைய கேம்களின் நிலைமையே வேறு. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. காசு கொடுத்து வாங்கத் தயாராக இருப்பவருக்கும் வாங்க வழியில்லை. எமுலேட்டர் இல்லையென்றால் அந்தக் கேம்களில் பெரும்பகுதி எப்போதோ மறைந்திருக்கும். அதற்காகவே அதைச் செய்தவர்கள் மேல் எனக்கு மரியாதை.

ஒரே ஒரு எச்சரிக்கை: எமுலேட்டரில் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் ரீவைண்டு பட்டனைத் தொடாதீர்கள். மூன்று உயிர்தான் என்ற பயத்தில் விரல் பழகிய கேம், பயம் போனதும் ஆறிய கஞ்சியாகிவிடும்.

ரீமாஸ்டரில் நல்லதும் உண்டு, கொடுமையும் உண்டு. நல்லதற்கு டையப்லோ 2 ரிசரெக்டட் (2021). 2000ல் வந்த பழைய கேம் அடியில் ஓடிக்கொண்டே இருக்க, மேலே புதிய முப்பரிமாணப் படத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். கீபோர்டில் ‘ஜி’ விசையைத் தட்டினால் போர்வை விலகி, அன்றைய பிக்சல்கள் அப்படியே தெரியும். நினைவில் இருப்பதையும் உண்மையில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பலர் மனதில் பதிந்திருக்கும் படம் புதியதைப் போன்றதுதான் என்பது அப்போதுதான் தெரிகிறது! ஸ்டார்கிராஃப்ட் ரீமாஸ்டர்டும் (2017) அதே ஜாதி. படைகள் வழி தெரியாமல் முட்டிமோதும் பழைய கோளாறைக்கூட அதில் திருத்தவில்லை. அதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்று புரிந்து வைத்திருந்தார்கள்.

கொடுமைக்கு 2021ல் வந்த ஜிடிஏ ட்ரிலாஜி. அதிலுள்ள மூன்று கேம்களில் ஒன்றான சான் ஆண்ட்ரியாஸில் (2004) தூரத்தை மூடியிருந்த மங்கல், கன்சோலின் சக்தி போதாததை மறைக்கப் பயன்பட்டது. அதே மங்கல்தான் கேமின் கற்பனை மாநிலத்தைப் பிரம்மாண்டமாகவும் காட்டியது. ரீமாஸ்டரில் மங்கலை எடுத்துவிட்டார்கள். விமானத்தில் ஏறினால் மூன்று நகரங்களும் ஒரே பார்வையில் அடங்கிப் பொம்மை ஊராகத் தெரிந்தன. எல்லாம் தெளிவாகத் தெரிந்தால் நல்லதுதானே என்று நினைத்தவர்களுக்கு அந்த உலகம் எப்படிப் பெரிதாகத் தெரிந்தது என்பதே தெரியவில்லை.

வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டு (2020) இன்னும் ஒரு படி மேலே போனது. புதியதை வாங்காமல் பழைய கேமை வைத்திருந்தவர்களின் கேமையும் அது மாற்றிவிட்டது. பழையதைத் தொடாமல் விடுகிற ரீமாஸ்டரை மட்டும் வாங்குங்கள் என்பேன்.

ரீமேக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரெசிடென்ட் ஈவில் 2 ரீமேக் (2019) அருமையான திகில் கேம். ஆனால் 1998ன் கேமில் கேமரா ஒரு மூலையில் அசையாமல் நிற்கும். திரைக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்கும், யார் என்று தெரியாது. புதியதில் கேமரா தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. பயம் இருக்கிறது, அந்தப் பயம் இல்லை. ஃபைனல் ஃபேன்டசி 7ல் (1997) முதல் சில மணி நேரத்தில் கடந்துபோகும் மிட்கார் நகரத்தையே 2020 ரீமேக் ஒரு முழு கேமாக விரித்தது. பழைய கேமை ஆடாதவர்களுக்கு இவை வரம். ஆடியவர்களுக்கு, பழைய ஆட்கள் நடிக்கும் புதுக் கதை.

இந்த நான்கிலும் அடங்காத ஒன்று கூட ஆடிய கூட்டம். பலர் ஆன்லைனில் சேர்ந்து ஆடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் (2004) பழைய வடிவத்தை ரசிகர்களே நடத்திய நோஸ்டால்ரியஸ் சர்வர், நிறுவனத்தின் சட்ட எச்சரிக்கையால் 2016ல் மூடப்பட்டது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் 2019ல் நிறுவனமே ‘கிளாசிக்’ என்று அதே பழைய கேமைத் திறந்தது. அதே ஊர்கள், அதே அரக்கர்கள். ஆனால் முதல் தடவை மாதக்கணக்கில் ஆடியும் வீழ்த்த முடியாமல் இருந்த ராக்னரோஸ் என்ற அரக்கனை இந்தத் தடவை ஒரு குழு ஒரே வாரத்துக்குள் வீழ்த்திவிட்டது. பதினைந்து வருடத்தில் எல்லாக் கணக்கும் எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. எதுவும் தெரியாமல் நாற்பது பேர் சேர்ந்து திணறிய அனுபவத்தை சர்வரில் ஏற்ற முடியாது.

ரூன்ஸ்கேப் என்ற இன்னொரு ஆன்லைன் கேம் இதை வேறு விதமாகக் கையாண்டது. 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த பிரதியை 2013ல் ‘ஓல்டு ஸ்கூல்’ என்று திறந்தார்கள். ஆனால் அப்படியே உறையவிடவில்லை. ஆடுபவர்களிடம் வாக்கெடுத்து, பழைய பாணி கெடாமல் புதிய இடங்களையும் சேர்த்துக்கொண்டே வருகிறார்கள். இன்று மூல கேமைவிட அதில்தான் கூட்டம் அதிகம். நண்பர்களோடு ஆடிய நாட்களுக்காக ஏங்குபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: தெரியாத மூலைகள் அதில் இன்னும் இருக்கின்றன.

தனியாக ஆடிய கேம் என்றால் என் வரிசை இது: முதலில் எமுலேட்டர், அப்புறம் பழையதையும் காட்டும் ரீமாஸ்டர், கை வேலை தெரிந்தால் அசல் கன்சோல். ரீமேக்கும் வாங்கி வைத்திருக்கிறீர்களா? சரி, அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். புதிய கட்டுப்பாடுகள் கையில் ஏறிய பிறகு பழையதைத் திறந்தால், விரல் பழைய இடத்தைத் தேடாமல் புதிய இடத்தைத் தேடும்.